'அதிவேகம்' என்று எழுதும்போது மணி எத்தனை என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விபத்துச் செய்திகளில் 'அதிவேகமாக வந்த கார்' என்ற தொடர் நாள் தவறாமல் வருகிறது. எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று பெரும்பாலும் இருப்பதில்லை. அதைவிட அவசியமான ஒன்றும் விடுபட்டுப் போகிறது. அப்போது பகலா, இரவா? இரவென்றால் ஹெட்லைட் ஹை பீமில் இருந்ததா, டிம் என்று நாம் சொல்லும் லோ பீமில் இருந்ததா? நல்ல சாலையில் பகலில் மணிக்கு 80 கிலோமீட்டர் சாதாரண வேகம். அதே சாலையில், அதே கார், அதே ஓட்டுநர், தெருவிளக்கு இல்லாத இடத்தில் லோ பீமில் அதே 80-இல் போனால் அது அதிவேகம். சாலையோரப் பலகை 80 வரை அனுமதித்திருந்தாலும் அதிவேகம்தான். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்வதற்காகவே இந்தக் கடிதம்.

80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். எதிரே ஏதோ இருக்கிறது என்று கண்ணில் பட்டு, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்கு மாறி அழுத்துவதற்குள், விழிப்பாக இருக்கும் ஓட்டுநருக்கு ஒன்றரை வினாடி ஆகிவிடும். அதற்குள் வண்டி 33 மீட்டர் போயிருக்கும். காய்ந்த சாலை, நல்ல டயர், முழு பிரேக் என்றால் அதன் பிறகு நிற்க 35 மீட்டர். ஆக மொத்தம், தசமங்களையும் சேர்த்தால், 69 மீட்டர் அளவில். பகலில் நேர்ச்சாலையில் முந்நூறு நானூறு மீட்டர் தூரம் பளிச்சென்று தெரிவதால் இந்த 69 மீட்டரை யாரும் பொருட்படுத்துவதில்லை, பொருட்படுத்த அவசியமும் இல்லை.

லோ பீம் எவ்வளவு தூரம் காட்டும்? எதிரே வருபவரின் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அதன் ஒளி வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டிருக்கிறது. பொதுவாக 1 சதவீதச் சரிவு, அதாவது 10 மீட்டர் போவதற்குள் 10 சென்டிமீட்டர் இறங்கும். விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளியின் மேல்விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். அதற்கு அப்பால் சாலையில் கிடக்கும் பொருளின் மேல் சிதறிய வெளிச்சம் மட்டுமே விழும். தாராளமாக 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

60 மீட்டரில் ஒரு தடை தெரிகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் பிரேக்கை அழுத்தும்போது 42 மீட்டர் தீர்ந்துபோயிருக்கும். மிச்சமிருக்கும் 18 மீட்டரில் வேகம் 82 வரைதான் குறையும். அந்த 82-இல் மோதுவார். 80-இல் வந்தவரும் மோதுவார், ஆனால் 39-இல். 70-இல் வந்தவர் 56 மீட்டரில் நின்றுவிடுவார், மோதலே இல்லை. வேகத்தில் 20 குறைத்தால் மோதலில் 43 குறைகிறது என்பதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பார்க்கலாம்.

இந்த ஒன்றரை வினாடியும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஓட்டுநருக்கு உரியது. சாலையை வடிவமைக்கும் பொறியாளர்கள் பார்வைத் தூரத்தைக் கணக்கிடும்போது இரண்டரை வினாடி எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் 60 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் வேகம் 59-ஐத் தாண்டக்கூடாது. ஈரச் சாலையில் பிரேக்கின் பிடி ஏறக்குறைய பாதியாகிவிட்டால் சுமார் 50. இருட்டில் லோ பீமை மட்டும் நம்பி ஓட்டுகிறவருக்கு ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடையில்தான் நேர்மையான வேகம் இருக்கிறது. கார் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், பிரேக் எவ்வளவு புதிதாக இருந்தாலும் இந்த எண்கள் அதிகம் நகராது. தூரத்தில் பெரும்பங்கு பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே போய்விடுகிறதே.

இதுவும் சாலையில் கிடக்கும் பொருளுக்கான கணக்குதான். நடந்து போகும் மனிதர் விஷயம் இன்னும் மோசம். மேலே சொன்ன விளக்கின் ஒளிவிளிம்பு 30 மீட்டர் தூரத்தில் தரையிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஆக, 30 மீட்டரில் நிற்பவரின் முழங்காலுக்குக் கீழேதான் நேர் ஒளி படுகிறது. அங்கே இருப்பது கறுப்புப் பேன்ட்டோ கருநீலச் சேலையின் கரையோ என்றால், ஓட்டுநர் காண்பது சாலையின் நிறத்திலேயே அசையும் ஏதோ ஒன்று. கருநிற உடையணிந்தவரை 30 மீட்டருக்குள்தான் அடையாளம் காண முடிகிறது என்றால், ஒன்றரை வினாடிக் கணக்கிலேயே 45 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் நிற்க முடியாது. சாலையின் ஓரப் பக்கம் மட்டும் லோ பீம் சற்று மேல்நோக்கி ஏறும்படி வடிவமைத்திருப்பார்கள். அதனால் நம் பக்க ஓரத்தில் நடப்பவர் முதலில் தெரிவார். எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே வருபவர்தான் மிகத் தாமதமாகத் தெரிவார். நடப்பவருக்கோ இரண்டு பெரிய விளக்குகள் நன்றாகத் தெரிகின்றன. தனக்கு வண்டி தெரிவதால் வண்டிக்கும் தான் தெரிவதாக நினைத்துக்கொள்கிறார். கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளிதிருப்பும் பட்டை கட்டினால் மார்பில் கட்டுவதைவிட விரைவாக அடையாளம் தெரியும். அந்த அசைவைப் பார்த்ததுமே 'இது மனித நடை' என்று மூளை பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்றால் ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைக்க மாட்டாரா? மாட்டார். பகல் வேகத்துக்கும் இரவு வேகத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடே இதில்தான் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ், ஓவன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1977-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். நம் பார்வை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, 'நான் எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் போகிறேன்' என்று பார்த்து வழிநடத்துவது. இன்னொன்று, 'அங்கே இருப்பது என்ன' என்று அடையாளம் காண்பது. வெளிச்சம் குறையும்போது இரண்டாவது வேலை வேகமாகச் சரிகிறது. முதலாவது ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதனால் இரவிலும் ஸ்டியரிங் பிடிப்பது பகலைப் போலவே சுலபமாக இருக்கும். வண்டி கோட்டுக்குள் ஒழுங்காகப் போகும், வளைவுகள் கைக்கு அடங்கும். 'நன்றாகத்தானே தெரிகிறது' என்ற தைரியம் அங்கிருந்து வருகிறது. தொலைந்துபோன பார்வை, தான் தொலைந்ததைச் சொல்வதில்லை. தெரியாமல் போன மாட்டைக் 'காணவில்லை' என்று யாரும் உணர்வதில்லை. கடந்து போன பிறகு கண்ணாடியில் பார்த்தால்தான் உண்டு. மழையிலும் பனியிலும் கண்ணுக்கு முன்னால் ஒரு திரை தெரிவதால் கால் தானாக ஆக்சிலேட்டரை விடுகிறது. தெளிந்த இரவில் அப்படி ஒரு எச்சரிக்கையே கிடையாது.

சாலை வசதிகளும் இந்தப் பொய்த் தைரியத்துக்குத் துணைபோகின்றன. ஒளிதிருப்பும் பலகைகள், கோட்டில் பதித்த ரிஃப்ளெக்டர்கள் இவையெல்லாம் லோ பீமிலேயே நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பாலிருந்து மின்னும். வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதற்காகச் செய்தவை அவை. 300 மீட்டருக்கு முத்துமாலைபோல் சாலை தெரிவதைப் பார்த்து, 300 மீட்டர் வரை தன் விளக்கு எட்டுவதாக ஓட்டுநர் நினைத்துக்கொள்கிறார். மாலை மட்டும்தான் தெரிகிறது. மணிகளுக்கு நடுவே நிற்கும் ஆள் தெரிவதில்லை. ரிஃப்ளெக்டர் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேகத்தை அதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

எதை வைத்து முடிவு செய்வது? மின்னாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மரத்தின் அடி, வண்ணம் பூசாத கல், புதர் எதுவானாலும் சரி. அது முதலில் கண்ணில் பட்ட கணத்திலிருந்து நிதானமாக எண்ண வேண்டும். நாலு வினாடி எண்ணி முடிப்பதற்குள் அது காரைக் கடந்துவிட்டால் வேகம் அதிகம். 60-இல் நாலு வினாடி என்பது 67 மீட்டர், 80-இல் 89 மீட்டர். இரண்டரை வினாடிக் கணக்கில் நிற்கும் தூரத்தோடு காய்ந்த சாலையில் இது கிட்டத்தட்டப் பொருந்திப் போகிறது. மழையில் ஆறு வினாடி எண்ண வேண்டும். வேகமானி வேலை செய்யாத வண்டியிலும் இந்தச் சோதனை செல்லும்.

வேகமானி வேலை செய்தால் அதை அடிக்கடி பார்ப்பது இன்னும் நல்லது, இரவில் குறிப்பாக. நாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதைப் பெரிதும் பக்கவாட்டில் ஓடும் மரங்களும் வீடுகளும்தான் மூளைக்குச் சொல்கின்றன. இருட்டில் அவை மறைந்துவிடும். கூடவே நகரும் ஒரு வெளிச்சத் திட்டு மட்டும் முன்னால் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் 100-இல் போனவருக்கு 60-க்கு இறங்கினால் ஊர்வதுபோல் இருக்கும். 'குறைத்துவிட்டேன்' என்று நினைத்து ஊருக்குள் நுழைபவரின் முள் பல நேரம் 80-இல் நிற்பது இதனால்தான்.

கண்ணைப் பற்றி இரண்டு விஷயங்கள் போதும். வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண் முழுமையாகப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். உணவகத்தின் பளிச்சிடும் விளக்குகளின் கீழ் உட்கார்ந்துவிட்டு நேராக இருட்டுச் சாலையில் ஏறி வேகம் பிடிப்பவர், முதல் பத்து நிமிடம் அரைகுறைப் பார்வையோடு ஓட்டுகிறார். அடுத்தது வயது. கண்மணி சுருங்குவதாலும் விழிவில்லை மஞ்சளாவதாலும், இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. பகலில் பகலவன் தாராளமாகக் கொடுப்பதால் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். இரவில் மிஞ்சாது. இரவுப் பயணத்துக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அது வரும் ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. கூச்சம் குறைந்ததுபோல் ஒரு சுகம் கிடைக்கும், நடப்பவர் முன்கூட்டியே தெரிய மாட்டார்.

எதிர் வண்டியின் கூச்சம் தனிக் கதை. விழியின் உள்ளேயே ஒளி சிதறி, காட்சி முழுவதன் மேலும் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் ஆகிவிடும். வண்டி கடந்த பின்னும் பார்வை திரும்பச் சில வினாடிகள் ஆகும். மூன்று வினாடி என்றாலும் 80-இல் 67 மீட்டர், கிட்டத்தட்ட லோ பீமின் முழு நீளம், குருட்டோட்டம். ஆபத்தான இடம் எதிர் விளக்குக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் இருட்டுக் குகை. குறுக்கே கடக்க நிற்பவர் அந்த வண்டி போகட்டும் என்று காத்திருந்து, போனதும் கால் வைப்பது அங்கேதான். ஆகவே கடப்பதற்கு முன்பே காலை எடுத்துவிட வேண்டும், கடந்த பிறகு யோசிப்பதில் பயனில்லை. பார்வையை நம் பக்க ஓரக் கோட்டில் வைத்துக்கொள்வது உதவும். அவர் டிம் செய்யவில்லை என்று நாமும் ஹை பீமைத் திருப்பி அடித்தால் கண் தெரியாதவர்கள் இருவர் ஒருவரையொருவர் நோக்கி வருகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதற்கு நேரெதிரான தவறும் பரவலாக இருக்கிறது. ஹை பீமே தப்பு என்று நினைத்து, எதிரே யாருமே இல்லாத சாலையிலும் லோ பீமிலேயே 90, 100 என்று போகிறவர்கள் நிறைய. ஹை பீம் 120 மீட்டர் காட்டினால், இரண்டரை வினாடிக் கணக்கிலேயே 97 கிலோமீட்டர் வரை நிற்க முடிகிறது. எதிரே ஒளி தெரியும்வரையிலும், முன்னால் போகும் வண்டியை நெருங்கும்வரையிலும் ஹை பீம்தான் சரியான இடம். டிம் செய்தால் கூடவே வேகத்தையும் டிம் செய்ய வேண்டும். இரண்டும் ஒரே செயலின் இரண்டு பாதிகள். சுவிட்சை மட்டும் தட்டிவிட்டு வேகத்தை அப்படியே விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மூடுபனியில் மட்டும் ஹை பீம் உதவாது. நீர்த்துளிகள் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பியடித்து வெள்ளைச் சுவர் எழுப்பும்.

வளைவில் ஹை பீமும் கைகொடுக்காது. விளக்கு நேராகப் பார்க்கிறது, சாலை திரும்புகிறது. 200 மீட்டர் ஆரமுள்ள வளைவில், 60 மீட்டர் முன்னால் சாலை நேர்கோட்டிலிருந்து 9 மீட்டர் விலகியிருக்கும். நம் வெளிச்சம் விழும் இடத்தில் வயலோ பள்ளமோ இருக்கும், சாலை இருக்காது. மேட்டின் உச்சியில் ஒளி வானத்துக்குப் போகும். இரவுக்குச் சாதகமாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வளைவுக்கு அப்பால் வரும் வண்டியின் ஒளிப்படலம் முன்கூட்டியே தெரியும், பகலில் இந்த வசதி இல்லை. இதை நம்பி வளைவை அறுத்துக்கொண்டு போகும் பழக்கம்தான் வினை. ஒளி தெரியவில்லை என்றால் விளக்கோடு வரும் வண்டி இல்லை என்று மட்டுமே அர்த்தம். பழுதாகி நிற்கும் லாரி, சைக்கிள், நடப்பவர், படுத்திருக்கும் மாடு இவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது. மாட்டின் கண் பளபளக்குமே என்பார்கள். நம்மைப் பார்த்து நின்றால் பளபளக்கும், பக்கவாட்டில் நிற்கும் கறுப்பு மாட்டில் எதுவும் பளபளக்காது.

ஓவர்டேக் செய்வதில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணம் காட்டும். 60-இல் போகும் 12 மீட்டர் லாரியை 4 மீட்டர் நீளக் காரில் 90-இல் கடக்க, முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி விட்டால், ஏழு வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதற்குள் நாம் 168 மீட்டர் போவோம். எதிரே வருபவர் 90-இல் வந்தால் அவரும் 168. மொத்தம் 336 மீட்டர் காலியாக இருந்திருக்க வேண்டும். அவர் 120-இல் வந்தால் 392. பகலில் எதிரே வருவது பேருந்தா, பறந்து வரும் காரா என்று தெரியும், அதன் வேகத்தைச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரவில் இருப்பவை இரண்டு புள்ளிகள். 400 மீட்டரில் ஒரு காரின் இரண்டு விளக்குகளுக்கு இடைப்பட்ட தூரம் முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகத்தான் கண்ணுக்குப் படும். அது விரிவதை வைத்து வேகத்தை யாராலும் மதிப்பிட முடியாது. ஒற்றைப் புள்ளி என்றால் இன்னும் சிக்கல். பைக்காகவும் இருக்கலாம், ஒரு பல்ப் போன லாரியாகவும் இருக்கலாம். பின்னாலிருந்து நெருங்கும்போதும் இதே குறைதான். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் டிராக்டரை 90-இல் நெருங்குபவருக்கு 100 மீட்டர் இடைவெளி ஐந்து வினாடியில் தீர்ந்துவிடும். பின்விளக்கு இல்லாத டிரெய்லர் என்றால் அந்த ஐந்து வினாடியும் கிடையாது.

இனி வண்டியைப் பற்றி. பகலில் வேகமாகப் போகிறவர் டயரையும் பிரேக்கையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். இரவில் போகிறவர் விளக்கையும் கண்ணாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பது பல்ப் எரிகிறதா என்று மட்டும்தான்.

விளக்கின் சாய்வைச் சுவரில் சோதிக்கலாம். டயர்களில் சரியான காற்று, பாதி டேங்க் எரிபொருள், ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள், டாஷ்போர்டில் விளக்குச் சாய்வுத் திருகு இருந்தால் அது 0-இல். சமதரையில் காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் மையத்துக்கும் நேராகச் சுவரில் டேப் ஒட்ட வேண்டும். பிறகு நேராகப் பின்னுக்கு 10 மீட்டர் எடுத்து லோ பீம் போட்டு, ஒரு விளக்கை அட்டையால் மறைத்து மற்றதைப் பார்க்க வேண்டும். வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோட்டின் தட்டையான பகுதி டேப்புக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் சரி. கோடு மேலேறத் தொடங்கும் முழங்கை போன்ற இடம் டேப்புக்கு நேர் கீழே இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் கீழே இருந்தால் முன்பு சொன்ன 65 மீட்டர் 32 ஆகச் சுருங்கிவிட்டது என்று பொருள். டேப்பின் மேலேயே இருந்தால் எதிரே வருகிறவர் எல்லோருடைய கண்ணையும் அடித்துக்கொண்டிருக்கிறோம். விளக்கின் பின்னால் மேல் கீழ் நகர்த்த ஒரு திருகும், இடம் வலம் நகர்த்த ஒரு திருகும் இருக்கும். கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்யலாம்.

பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் காரின் மூக்கு நிமிரும். அரை டிகிரி நிமிர்ந்தாலே 1 சதவீதச் சரிவு கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துவிடும். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட அந்தச் சின்னத் திருகு இதற்காகத்தான் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம்.

பழைய வண்டிகளில் வெளிச்சம் மங்குவதற்குப் பல்பைக் குறை சொல்வதற்கு முன் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். எச்4 ஹாலஜன் பல்புக்கு 13.2 வோல்ட் கிடைத்தால் லோ பீமில் சுமார் 1000 லூமென் (ஒளியின் அளவு), ஹை பீமில் 1650. இழை பல்புகளில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலும் ஒளி வேகமாக இறங்கும். இணைப்பில் 12 வோல்ட்தான் வருகிறதென்றால் வெளிச்சத்தில் கால்பங்குக்கு மேல் போயிற்று. காரணம் பெரும்பாலும் மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் ஃபியூஸும் ரிலேயும் போட்டு, எர்த்தைச் சுரண்டி இறுக்கினால் பழைய பல்பே புதிது போல் எரியும். இதை விட்டுவிட்டு 100 வாட் பல்ப் போடுகிறவர்கள் ரிஃப்ளெக்டரைக் கருக்கிக்கொள்கிறார்கள். ஒளி தூரத்தின் வர்க்கத்தில் குறைவதால், ஒளி இரட்டிப்பானாலும் எட்டும் தூரம் 1.4 மடங்குதான், அதுவும் ஹை பீமில்தான். லோ பீமில் விளிம்பு வெட்டுவதால் அந்த லாபம்கூடக் கிடைக்காது.

ஹாலஜன் கூட்டுக்குள் எல்இடி பல்பைச் செருகுவது இப்போதைய மோகம். அந்தக் கூடு, ஒரு மெல்லிய இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. தட்டையான எல்இடி பலகை அங்கே வந்தால் கோடு குழம்பி, பாதி ஒளி எதிரே வருபவருக்கும் மீதி காருக்கு முன்னால் பத்து மீட்டருக்கும் போகும். முன்தரை பளீரென்று இருப்பதால் ஓட்டுபவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பளீரொளிக்குக் கண் பழகிக்கொள்வதால் தொலைவு முன்னைவிட இருண்டு போகிறது. நீலச்சாயம் பூசிய பல்புகளும் அப்படியே. பூச்சு ஒளியைத் தின்கிறது.

மஞ்சளான பாலிகார்பனேட் விளக்கு மூடியை 800, 1500, 2000, 3000 எண் உப்புத்தாள்களால் ஈரத்தோடு வரிசையாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் தெளியும். மேலே புறஊதாக் காப்புப் பூச்சு அடிக்காவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சள். பற்பசை வைத்துத் தேய்க்கும் வேலை ஒரு வாரம் தாங்கும். முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைக்கிறவர்கள் உள்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் கக்கும் ஆவி உள்ளே மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் அது கண்ணுக்கே தெரியாது. எதிர் விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதும் பூத்துப் போகும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியும் கண்ணாடி திரவமும் போதும்.

மழை பெய்த இரவைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த சாலை சொரசொரப்பாக இருப்பதால் நம் விளக்கின் ஒளியில் கொஞ்சம் நம்மிடமே திரும்பி வருகிறது, சாலை தெரிகிறது. நீர்ப்படலம் மூடியதும் சாலை கண்ணாடியாகி, நம் ஒளியை முன்னோக்கித் தள்ளிவிடும். நமக்கு எதுவும் திரும்பி வராது. எதிர் வண்டியின் ஒளி மட்டும் அதே கண்ணாடியில் பட்டு இரண்டு மடங்காக வரும். கோடுகளும் மூழ்கிவிடும். முன்பு சொன்ன 50 கிலோமீட்டர்கூட இந்த நிலையில் அதிகம்.

தூக்கம் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, எண்களை மட்டும் சேர்க்கிறேன். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது என்று டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997-இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். காலை ஆறுக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. உடல் தானாகச் சோரும் பின்னிரவு இரண்டு முதல் ஐந்து வரை அதற்குப் பிறகுதான் வருகிறது. நாலு வினாடிக் கண்ணயர்வு 100-இல் 111 மீட்டர். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை உரக்க வைப்பதும் சில நிமிட ஏமாற்று. காபி வேலை செய்ய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே குடித்துவிட்டு அந்த இருபது நிமிடம் வண்டியை நிறுத்தித் தூங்கிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

இவ்வளவும் சொன்னதால் பகல் வேகம் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. காலையிலும் மாலையிலும் தாழ்ந்த சூரியன் எதிரே நிற்கும்போது முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிடும். கொளுத்தும் வெயிலிலிருந்து மரநிழலுக்குள் பாயும்போது நிழலில் நிற்பவர் மறைந்துபோவார். பகலில் குறுக்கீடுகளும் அதிகம். ஆனால் பகலில் தடை எது என்று தெரிகிறது, தெரிந்தும் போகிறவர் போகிறார். இரவில் அந்தத் தேர்வே அவர் கைக்கு வருவதில்லை.

அதனால் தங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். 'அதிவேகம்' என்று எழுதும் இடத்தில் நேரம், தெருவிளக்கு இருந்ததா, சாலை ஈரமா, நின்ற வண்டிக்குப் பின்விளக்கு எரிந்ததா என்ற நாலு தகவல்களையும் கேட்டு எழுதினால், படிப்பவருக்குத் தன் வேகத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியும். விளக்கு எரிந்ததா என்பது இரு தரப்பும் மாற்றிச் சொல்லும் விஷயம்தான். ஆனால் இழை பல்பாக இருந்தால் விசாரிப்பவர்களுக்கு அதுவே சாட்சி. எரிந்துகொண்டிருந்த இழை மோதலின் அதிர்ச்சியில் மெழுகுபோல் நீண்டு வளையும். அணைந்திருந்த இழை வளையாமல் பட்டென்று ஒடியும். எரியும்போது கண்ணாடி உடைந்திருந்தால் உள்ளே வெளிறிய டங்ஸ்டன் ஆக்சைடு தூள் படிந்திருக்கும். எல்இடி விளக்குகளில் இந்தச் சாட்சி கிடையாது, அங்கே கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வாகனம் ஓட்டப் பயிற்சி தரும் வாசகர்